நான்கு பொத்தான்கள் போதும்

நாள்காட்டி, முகவரிகள், செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள். 1996-இல் வந்த பாம் பைலட் கையடக்கக் கணினியில் இந்த நான்குக்கும் தனித்தனிப் பொத்தான் இருந்தது. அழுத்திய கணமே பக்கம் திறக்கும். இரண்டு சிறிய பேட்டரி வாரக்கணக்கில் தாங்கும். பைலட் 1000 மாடலின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். நூற்றுக்கணக்கான முகவரிகள் அதில் அடங்கின.

அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் சட்டைப்பைக்குள் அடங்கும் மரக்கட்டை ஒன்றைச் செய்து கையோடு கொண்டு திரிந்தார். சந்திப்பு குறிக்க வேண்டுமென்றால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். எது தேவை, எது வேண்டாம் என்பது அப்படித்தான் அவருக்குத் தெளிந்தது.

நானும் பாம் கருவி ஒன்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன். அதில் எழுத, ஆங்கில 'ஏ' எழுத்தை நடுக்கோடு இல்லாமல் கூரைபோல் கீற வேண்டும். விரைவில் கை பழகிவிட்டது. மாலையில் கருவியை அதன் தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் மேசைக் கணினியில் நகல் ஏறிவிடும். என் விவரம் என்னிடமே இருந்தது.

இன்று அம்மாவின் மாத்திரை நேரத்தைக் குறிக்கப் போனைத் திறந்தால், அதற்குள் நாலு அறிவிப்புகள் கவனத்தைப் பறிக்கின்றன. போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு செயலிகளை மட்டும் முகப்பில் வையுங்கள். மற்றவற்றின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை சொந்தக் கணினியில் நகலெடுங்கள். நம் நினைவுக்குத் துணையாக வாங்கிய கருவி நம் கவனத்தைத் தின்ன விடக்கூடாது.