விரிசல் விழுந்த விரல்கள்

மாமனார் ஊரிலிருந்து வந்த அன்று நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான், வீட்டில் இரண்டு நாள் மௌன விரதம்!

மூன்றாம் நாள் சகதர்மிணி இரண்டு பாட்டில்களோடு வந்து, சுவரைப் பார்த்துச் சொன்னாள்: ''இடது கைக்கு நானே போட்டுக்கிட்டேன். வலது கைக்கு ஆள் இல்லை.''

'கிராக்கிள்' நெயில் பாலிஷ். முதலில் சிவப்பு. அது நன்றாகக் காய்ந்ததும் மேலே கறுப்பு, ஒரே இழுப்பு. மேல் பூச்சு சட்டென்று காய்ந்து சுருங்க, கோடைகால ஏரி மாதிரி வெடித்து, இடுக்கில் சிவப்பு எட்டிப் பார்க்கும். தடிமனாகப் பூசினால் பெரிய விரிசல். மெல்லிசாகப் பூசினால் பொடி விரிசல்.

பி.காம். படித்தவனுக்கு இது ஜுஜுபி என்று இறங்கினேன். சிவப்பு காயும்முன் கறுப்பை இழுத்தேன். சேறு! ரிமூவரால் துடைத்துவிட்டு மறுபடி. இந்த முறை விரிசலைப் பார்த்துப் பதறி, இன்னொரு இழுப்பு இழுத்து மூடினேன். அதுவும் பாழ்.

''விரிசல் விழுந்தா உடனே மேல பூசி மறைக்கக் கூடாது. முதல்ல அடியில இருக்கிறது காயணும். பொறுமை வேணும்'' என்றாள்.

நெயில் பாலிஷைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பத்து நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பூசினேன். அழகாக வெடித்தது.

ஈர நகத்தோடு அவள் எப்படி காபி போடுவாள்? நான்தான் போட்டேன். மாமனாருக்கும் சேர்த்து!