பட்டன் வேலை செய்யலையா? மெமரி கார்டை விடுங்க, ஒயரைப் பாருங்க!

மரப்பெட்டி, கலர் கலரா பட்டன்கள், ஒரு ஜாய்ஸ்டிக், உள்ளே ஒரு ராஸ்பெர்ரி பை. சின்ன வயசுல ஆடின மரியோவையும் கான்ட்ராவையும் வீட்டுக்கே கொண்டுவந்துட்டீங்க. ஆனால், பட்டனை அழுத்தினால் மரியோ குதிக்க மாட்டேங்கிறார். இப்போ என்ன பண்றது?

பலரும் உடனே ரெட்ரோபை மென்பொருளை மெமரி கார்டில் திரும்ப ஏற்றுகிறார்கள். அதுவும் சரிவரலைன்னா புது பட்டன் செட் ஆர்டர் போடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவு என்பேன். அந்த மென்பொருளை உலகம் முழுக்கப் பலர் பயன்படுத்திப் பார்த்துவிட்டார்கள். உங்கள் ஒயரிங்கை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. சந்தேகம் முதலில் அங்கேதான் வரணும்.

எத்தனை பட்டன் போச்சு?

முதல் கேள்வி இதுதான். ஒரே ஒரு பட்டன் என்றால், அதன் ஒயரிலோ சுவிட்சிலோ கோளாறு. வரிசையாக நாலைந்து பட்டன் என்றால் கிரவுண்டு ஒயரைப் பாருங்க. ஒரே கிரவுண்டு ஒயரைப் பட்டன் பட்டனாகத் தாவவிட்டு இணைத்திருப்போம். நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனால், அதற்கு அடுத்து வருவதெல்லாம் செத்துப்போகும். எதுவுமே வேலை செய்யலைன்னா யுஎஸ்பி ஒயர், என்கோடர் போர்டு, டிரைவர் பக்கம் போகலாம்.

பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கா? மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள் உண்டு: காம், என்ஓ, என்சி. ஒயர் காம், என்ஓ இரண்டிலும் இருக்கணும். என்சி-யில் மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

‘பீப்’ சத்தம் சொல்லும் உண்மை

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, போர்டிலிருந்து ஒயர்களைக் கழற்றி, ‘பீப்’ அடிக்கும் கன்டினியூட்டி நிலையில் வையுங்க. பட்டனை அழுத்தும்போது மட்டும் சத்தம் வந்தால் சுவிட்சும் ஒயரும் நலம். ஒயரை ஆட்டும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால், டிவி மெக்கானிக்குகள் சொல்கிற ‘டிரை சால்டர்’ ஆக இருக்கலாம். திரும்பப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.

ஒயர் நலம், ஆனாலும் வேலை செய்யலையா? பின் எண்ணைப் பாருங்க. ராஸ்பெர்ரி பையில் ஜிபிஐஓ 17 என்பது 17-வது பின் அல்ல, 11-வது பின். இந்தக் குழப்பத்தில் ஒரு ஆபத்தும் இருக்கு. ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. தவறி 5 வோல்ட் கொடுத்தால் போர்டே போயிடலாம்.

ஜாய்ஸ்டிக் ஏன் எதிர்த்திசையில் போகுது?

பெரும்பாலான ஆர்கேடு ஜாய்ஸ்டிக்கில், கைப்பிடியை மேலே தள்ளினால் அடியில் தண்டு கீழ்ப்பக்கம் சாய்ந்து அங்குள்ள சுவிட்சை அழுத்தும். ஆக, ‘மேல்’ ஒயர் கீழ்ச் சுவிட்சுக்குத்தான் போகணும். அனலாக் ஜாய்ஸ்டிக் கதை வேறு. ராஸ்பெர்ரி பையில் அனலாக் உள்ளீடே கிடையாது. எம்சிபி3008 மாதிரி ஒரு சிப் வழியாக இணைக்கணும். கையை எடுத்த பிறகும் தானாக நகர்ந்தால் ‘டெட் ஸோன்’ அளவைக் கூட்டணும்.

எப்போ மென்பொருளுக்குப் போகலாம்?

லினக்ஸின் ‘ஜேஎஸ்டெஸ்ட்’ நிரலைத் திறந்து பட்டனை அழுத்துங்க. திரையில் நிலை மாறினால் ஒயரிங் சரி. மிச்சமிருப்பது பட்டன் அமைப்பு மட்டும்தான். ஜிபிஐஓ-வில் நேரடியாக இணைத்திருந்தால் அதற்கான டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்யணும். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேடணும். கடையில் வாங்கிய கன்சோலில் கோளாறு வந்தால் சர்வீஸ் சென்டரைத்தான் நம்பணும். நீங்களே செய்ததில் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் பரணில் தூக்கிப்போடுவதுதான் உண்மையான நஷ்டம்.