பாறசாலையில் நிற்காத வேன்கள்

ஆப்பிரிக்காவும் ஆசியாவும் சுற்றுலாவில் கூட்டுச் சேர்வது விமான நிறுவனங்களும் பெரிய ஹோட்டல்காரர்களும் பேசிக்கொள்ள வேண்டிய காரியம், நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற கேரள–தமிழ்நாடு எல்லையோர ஊர்களுக்கு அதில் இடமில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவிடம் நாம் கற்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேரளம் இன்று பெருமையோடு முன்வைக்கும் 'பொறுப்புச் சுற்றுலா'வுக்கு அடித்தளமே 2002-இல் கேப் டவுனில் வெளியான பிரகடனம்தான். ஓர் ஊர் முதலில் அங்கே குடியிருப்பவர்களுக்கு நல்ல ஊராக இருக்க வேண்டும், வந்துபோகிறவர்கள் அதற்குப் பிறகு என்பது அதன் சாரம். பொறுப்புச் சுற்றுலா குறித்த இரண்டாவது சர்வதேச மாநாடு 2008-இல் கொச்சியில் கூடியது. கேரள அரசு இதை முதலில் செய்துபார்த்த நான்கு இடங்களில் குமரகம், வயநாடு, தேக்கடியோடு கோவளமும் ஒன்று. குமரகத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் விளைவித்த காய்கறியை ஹோட்டல்கள் வாங்கத் தொடங்கின. நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்திலுள்ள கோவளம் வரை வந்த சிந்தனைக்குப் பின்னால் வியாபாரமும் வந்திருக்க வேண்டும்.

காட்டுவதற்கு இங்கே ஒன்றுமில்லை என்பது கோவளம்–கன்னியாகுமரி வேன்கள் நிற்காமல் போவதால் வந்த நினைப்பு. நாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புரம், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா ஒளிந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு என்ற பலாமரம், நெய்யாறு கடலில் சேரும் பூவாறு, எல்லாமே இந்தப் பக்கம்தான். பாலராமபுரத்தில் கைத்தறி இருக்கிறது. அங்குள்ள சாலியர்களின் முன்னோர் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். கானாவில் குமாசிக்கு அருகே போன்வயர் என்ற ஊர் கென்டே துணிக்குப் பேர்போனது. பயணிகள் தறியருகே நின்று பார்த்து, நெய்தவரிடமே வாங்குகிறார்கள். இந்த இரண்டு ஊர் நெசவாளர்களும் ஒருவர் துணியை மற்றவர் ஊரில் விற்கவும், பயணிகளை அனுப்பிக்கொள்ளவும் எந்த ஹோட்டல் முதலாளியின் தயவும் வேண்டாம்.

முதலீடு தேவைதான். யார் வைக்கும் நிபந்தனைப்படி என்பதே என் கேள்வி. நமீபியா 1996-இல் சட்டத்தைத் திருத்தி, வனவிலங்கு, சுற்றுலா வருமானத்தின் மீதான உரிமையைக் கிராமச் சமூகங்களுக்கு வழங்கியது. அங்கே விடுதி நடத்த வரும் நிறுவனம் அந்தச் சமூகத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. வருமானத்தில் பங்கும் உள்ளூராருக்கு வேலையும் அதில் எழுதப்படுகின்றன. பூவாற்றங்கரை ரிசார்ட்டுகளிடம் பஞ்சாயத்து கேட்க வேண்டிய ஒப்பந்தம் இது.

எல்லை ஒரு தடையா? போட்ஸ்வானாவும் தென்னாப்பிரிக்காவும் 2000-இல் கலகாடி பூங்காவை இரு நாட்டுக்கும் பொதுவாகத் திறந்தன. நம்முடையது வெறும் மாநில எல்லை. தக்கலை அருகே தமிழ்நாட்டில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அரண்மனை, பாலராமபுரத் தறி, பூவாற்றுப் படகு மூன்றுக்கும் ஒரே டிக்கெட்டை இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்து வெளியிடட்டும். இரு மொழியும் பேசும் பாறசாலை இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமிக்கட்டும். போன்வயருக்கான முதல் கடிதத்தைப் பாலராமபுரத்து நெசவாளர் சங்கங்களே எழுதட்டும்.