முகமூடிக்குள் ஒரு மனிதர்

பண்டைய எகிப்தின் தெய்வ உருவங்களை நூல்களில் காணும் நம் இல்லத்துச் சிறுவர், "நரித் தலையையும் பருந்துத் தலையையுமா வணங்கினார்கள்?" என்று கேட்டு நகைப்பதுண்டு. பெரியவர்களாகிய நாமும் உடன் சேர்ந்து நகைத்துவிடுகிறோம். அது முறையா என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

எகிப்திய ஓவியருக்கு விலங்கின் தலை ஓர் அடையாளமே. பாலைவன ஓரத்துக் கல்லறைகளைச் சுற்றித் திரிந்தது நரி. ஆகவே இறந்தோரைக் காக்கும் அனூபிசுக்கு நரி முகம் தந்தனர். வானுயரப் பறக்கும் பருந்தின் முகத்தை ஓருசுக்கும், சினத்தின் வலிமை காட்டும் பெண்சிங்கத்தின் முகத்தைச் செக்மெத்துக்கும் தீட்டினர்.

சடங்குகளில் குருக்களே அம்முகங்களை அணிந்ததும் உண்டு. செர்மனியின் ஹில்டெஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் சுட்ட மண்ணாலான அனூபிசு முகமூடி ஒன்று இருக்கிறது. அணிந்தவர் வெளியே நோக்க, அதன் கழுத்துப் பகுதியில் இரு துளைகள் மட்டுமே உள்ளன. தெந்தேரா கோயிற் சிற்பமொன்றில் நரிமுகம் தரித்த குருவை மற்றொருவர் வழிநடத்திச் செல்கிறார். தெய்வ முகம் பூண்டவருக்கும் ஒரு மனிதரின் துணை வேண்டியிருந்தது!

இக்காட்சி நமக்கு அந்நியமானதன்று. நம் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவில், உழைக்கும் எளிய மக்கள் விரதமிருந்து, காப்புக் கட்டி, காளியாகவும் குறவராகவும் பிச்சைக்காரராகவும் வேடம் பூணுகின்றனர். வீடுவீடாகக் கையேந்திப் பெற்ற காணிக்கையைக் கோயிலில் சேர்க்கின்றனர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரனும் சிங்கமுகம், எருமைமுகம் என்று தலை மாற்றி வந்து வீழ்கிறான். மறுநாள் காப்பு அவிழ்கிறது. காளியாக நின்றவர் மீண்டும் உப்பளத்திற்கோ பனங்காட்டிற்கோ திரும்புகிறார்.

வேடத்தின் பொருள் அதன் வண்ணத்தில் இல்லை. அதைத் தாங்க ஏற்ற நோன்பிலும், கையேந்தும் தாழ்மையிலும் உள்ளது. எகிப்தியரும் இதனை அறிந்திருந்தனர். லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள 'ஆனி' என்பவரின் பாப்பிரசுச் சுருளில், இறந்தவரின் இதயம் தராசில் வைக்கப்படுகிறது. மறு தட்டில் இருப்பது பொன்னன்று, மாஅத் என்னும் நேர்மையைக் குறிக்கும் ஓர் இறகு. தராசைச் சரிபார்ப்பவர் அதே நரிமுக அனூபிசு.

முகமூடியைக் கண்டு நகைக்கும் முன், அதற்குள் இருக்கும் இதயத்தை நினைப்போம். நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிக் கொடுப்போம். அண்டை வீட்டாரை மதிக்கும் பழக்கம் அங்குதான் தொடங்குகிறது.