பாம்புக்கும் ஜாதகம் வேண்டும்

வட கரோலினாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு இரண்டாவது முறை போனபோது, பேரனின் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பாம்புக் குட்டிகள் இருந்தன. என் மனைவி அந்த ஆறு மாதமும் அந்த அறை வாசலைத் தாண்டவில்லை. எனக்கு அப்படி இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன், பாம்பைக் கண்டு ஓடினால் மானம் போய்விடும்.

கார்ன் ஸ்நேக் என்பார்கள். சோளப் பாம்பு என்று வைத்துக்கொள்வோம். விஷம் கிடையாது. நம் ஊர்ச் சாரைக்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் காட்டிலும் களத்திலும் எலி பிடித்துத் திரிகிற பிராணி. இயல்பான நிறம் செம்மஞ்சள், அதன்மேல் கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். ஆனால் பேரன் வைத்திருந்த ஆணும் பெண்ணும் வெறும் சாம்பல். "ரெண்டும் அனெரி, தாத்தா" என்றான். அனெரித்ரிஸ்டிக், அதாவது சிவப்பு நிறமி இல்லாதது. ஊர்வனக் கண்காட்சியில் ஒரு வியாபாரி அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்.

போன வருடம் மூன்றாவது முறை போனோம். பெண் பாம்பு 14 முட்டை இட்டிருந்தது. இரண்டு மாதம் கழித்து 13 பொரிந்தன. பதிமூன்றும் பளிச்சென்று சிவப்பு! ஒன்றுகூடச் சாம்பல் இல்லை. பையன் அழாத குறை. வியாபாரிக்கு எழுதினால், "பார்த்தால் அனெரி மாதிரிதான் இருந்தது" என்று ஒரே வரியில் பதில்.

இந்த "பார்த்தால்" என்கிற சொல்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

இந்தப் பாம்பில் சாம்பல் நிறம் தருகிற ஒடுங்கு பண்புகள் ஒன்றுக்கு மேல் உண்டு. ஒன்று அனெரி. இன்னொன்று சார்க்கோல். இரண்டும் வேறு வேறு ஜீன். வளர்ந்த அனெரிக்குப் பெரும்பாலும் கழுத்தோரம் மஞ்சள் ஏறும், சார்க்கோலுக்குப் பொதுவாக ஏறாது. குட்டியில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அனெரியையும் சார்க்கோலையும் சேர்த்தால், இதில் பழுதான ஜீனுக்கு அது நல்ல பிரதி கொடுக்கும், அதில் பழுதானதற்கு இது கொடுக்கும். பிள்ளைகள் அத்தனையும் சிவப்பு.

என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பேட்சனும் புன்னெட்டும் செய்த இனிப்புப் பட்டாணிப் பரிசோதனை. வெள்ளைப் பூவோடு வெள்ளைப் பூவைக் கலந்தால் ஊதாப் பூ. அடுத்த தலைமுறையில் 9:7. கரும்பலகையில் எத்தனை முறை அந்தக் கட்டத்தைப் போட்டிருப்பேன்! அது உயிரோடு நெளிந்ததை எழுபது வயதில், அமெரிக்காவில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்தான் பார்த்தேன். அந்தச் சிவப்புக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறுக்கு ஏழு மறுபடி சாம்பலாக வரும் என்று பேரனுக்குக் கட்டம் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் சமாதானம் ஆனான்.

வெள்ளைப் பாம்புகளிலும் இதே கூத்துதான். கறுப்பு நிறமி இல்லாத அமெல் பண்போடு அனெரி சேர்ந்தால் 'ஸ்நோ'. அதே அமெலோடு சார்க்கோல் சேர்ந்தால் 'பிளிசர்ட்'. பனிக்கும் பனிப்புயலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் போட்டோவைப் பார்த்தே சொல்கிறார்கள் மகானுபாவர்கள்.

இன்னொரு மோசடி இந்த சதவீதக் கணக்கு. "66 சதவீதம் ஹெட்" என்று எழுதி ஒட்டுகிறார்கள். ஹெட் என்றால் வெளியே தெரியாமல் உள்ளே ஒரு பிரதி சுமப்பது. பெற்றோர் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், இயல்பு நிறத்தில் பிறக்கும் குட்டிகளில் மூன்றுக்கு இரண்டு சுமக்கும். கணக்கு சரி. ஆனால் பெற்றோர் யாரென்று தெரிந்தால்தானே அது கணக்கு? தெரியாதபோது 66 என்பது விலையை ஏற்றுவதற்கு ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான்.

"செல்லப் பிராணிதானே சார், நிறம் பிடித்தால் போதாதா?" என்று மருமகன் கேட்டார். போதாது, மாப்பிள்ளை. ஸ்டார்கேசர் என்று ஒரு நரம்புக் கோளாறு இந்தப் பாம்பில் உண்டு. நட்சத்திரம் பார்ப்பதுபோல் தலை அண்ணாந்து திருகிக்கொள்ளும், உடம்பு நேராக நிற்காமல் புரளும். அதுவும் ஒடுங்கு பண்புதான். 'சன்கிஸ்ட்' என்ற அழகான ரகத்தின் வம்சங்களில்தான் அது முதலில் கவனிக்கப்பட்டது. ஒரு பிரதி மட்டும் சுமக்கிற பாம்பு பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கும். நிறத்தைப் பார்த்து இரண்டை வாங்கிச் சேர்த்துவிட்டு, பொரிந்த பிறகு பெட்டிக்குள் புரளும் குட்டிகளை என்ன செய்வது? பேரன் அடுத்து வாங்க வைத்திருந்த பட்டியலில் சன்கிஸ்ட் இரண்டு இருந்தன.

வழியில்லாமலும் இல்லை. 1950களில் வட கரோலினாவில் பிடிபட்ட ஒரு அமெல் பாம்பை வைத்துக்கொண்டு, பெக்டெல் என்ற தோல் மருத்துவர் பொறுமையாகப் பல வருடம் இனப்பெருக்கம் செய்து, அது ஒடுங்கு பண்பு என்று 1962இல் கட்டுரை எழுதினார். எந்த ஜீனில் பழுது என்பதை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் கண்டுபிடித்தார்கள். இப்போது உரித்த சட்டையை அனுப்பினால் சில பண்புகளைச் சோதித்துச் சொல்ல அங்கே ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தாய் இது, தகப்பன் இது, இத்தனை முட்டை, இன்னின்ன குட்டி என்று எழுதி வைக்க என்ன செலவாகும்? அதைக் காட்டாத வியாபாரியிடம் வாங்காதே என்றேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல், தெரியாததற்குப் பெயர் வைக்காதே என்றும் சொன்னேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வாசலில் நின்றபடியே, "பாம்புக்கும் ஜாதகமா?" என்றாள். ஆமாம். நம் வீட்டு ஜாதகங்களைவிட இது பலிக்கும்.

நாங்கள் கிளம்புவதற்குள் ஐந்து குட்டிகளைக் கொடுத்துவிட்டான். ஒவ்வொன்றோடும் அவன் கையால் எழுதிய ஒரு அட்டை: பெற்றோர் இருவரும் சாம்பல், பிள்ளைகள் 13ம் சிவப்பு, தாத்தா பாட்டி யாரென்று தெரியாது. வாங்க வந்த ஒருவர் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். பையன் முகம் வாடிப்போயிற்று. ஆனால் அந்த வரியை அவன் அடிக்கவில்லை.