வசூல்காரனுக்கு யார் கொடுத்த அதிகாரம்?

"கடன் வாங்கினவன் வாயைத் திறக்கக்கூடாது." பகாவ் முதல் போர்ட்டிக்சன் வரை எந்தத் தோட்டத்து லயத்திலும் கேட்கும் பேச்சு இது. இப்போது அதே பேச்சு வாட்சாப்பில் மிரட்டலாகவும் வருகிறது: போலீசோடு வருவோம், மைகார்டைப் பிடுங்குவோம், ஆபீசில் சொல்லிச் சம்பளத்தை நிறுத்துவோம். கேட்பவர் பதறுகிறார். பக்கத்து வீட்டாரோ, "வாங்கினான், அனுபவிக்கிறான்" என்று தலையாட்டுகிறார்கள். இந்தத் தலையாட்டல்தான் வசூல்காரனின் பலம். சட்டம் அவனுக்குத் தந்திருப்பது பணத்தைக் கேட்கும் உரிமை. நினைத்தபடி பறிக்கும் அதிகாரம் அல்ல.

மோட்டாரை எடுத்துக்கொள்வோம். ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத் தோட்டங்களில் பல குடும்பங்களின் பிழைப்பே தவணைக்கு வாங்கிய ஒரு மோட்டாரில்தான் ஓடுகிறது. வேலைக்கு, பள்ளிக்கு, சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதுதான். ஒரு மாதம் தவறியதும் இரண்டு பேர் வந்து சாவியைக் கேட்கிறார்கள். வீட்டிலிருப்பவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஏன் கொடுக்க வேண்டும்? 1967-ஆம் ஆண்டு தவணைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணை தவறியிருக்க வேண்டும். பிறகு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி 21 நாளாவது பொறுக்க வேண்டும். வாங்கியவர் இறந்துவிட்டால், நான்கு தவணை தவறும்வரை கைவைக்க முடியாது. ரொக்க விலையில் 75 சதவீதத்துக்கு மேல் கட்டியாகிவிட்டதா? நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அந்த மோட்டாரை எடுக்கவே முடியாது.

முக்கால் பங்குக்கு மேல் கட்டிய மோட்டாரைச் சாவியோடு ஒப்படைத்துவிட்டு, "அவங்களுக்குச் சட்டம் இருக்கு" என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை! சட்டம் இருக்கிறது, அது தவணை கட்டியவரின் பக்கம் இருக்கிறது.

மற்ற மிரட்டல்களும் இப்படித்தான். கடன் பாக்கி சிவில் விவகாரம். அதை வசூலித்துத் தருவது போலீசின் வேலை அல்ல. வீட்டுப் பொருளை ஜப்தி செய்ய வேண்டுமென்றால் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நீதிமன்றத்தின் மூலமே வர வேண்டும். வசூல்காரன் போன் போட்டான் என்பதற்காகக் கிராணி சம்பளத்தைப் பிடிக்க முடியாது. எதைப் பிடிக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஈபிஎஃப் சேமிப்பைக் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது. திவாலாக்கும் வழக்குக்குக் குறைந்தது 1,00,000 ரிங்கிட் கடன் இருக்க வேண்டும். 3,000 ரிங்கிட் பாக்கிக்காரரிடம் போய்த் "திவாலாக்குவேன்" என்பது பச்சைப் பொய். அப்பா பட்ட கடனுக்கு, ஜாமீன் கையெழுத்துப் போடாத மகன் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அப்பா விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் அதைக் கேட்கலாம்.

வட்டி முதலைகளின் கதை இன்னும் மோசம். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. 1,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டு வட்டி 180 ரிங்கிட். வாரத்துக்கு 10 சதவீதம் என்றால் அதே 1,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டில் 5,200 ரிங்கிட்! உரிமமில்லாமல் கடன் கொடுப்பவருக்கு 2,50,000 முதல் 10,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அவருடைய ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவதும் குடும்பத்தை மிரட்டுவதும் குற்றங்கள். போலீசைக் கண்டு அஞ்ச வேண்டியவர் யார்? ஆனால் லயத்தில் ஒளிந்துகொள்வது கடன்பட்டவர்தான்.

இந்த அச்சம் நேற்று முளைத்ததல்ல. கங்காணி கொடுத்த முன்பணம், கடைக்கணக்கு, வட்டிக்கடை என்று தோட்டத் தமிழரைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டது கடன். 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டதற்கு, தொழிலாளி கடன் சுமையில்லாமல் வந்திறங்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். நூறாண்டு கடந்தும், 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் சாவு, கல்யாணம், பிள்ளையின் படிப்பு எல்லாவற்றையும் சமாளிக்கச் சொல்கிறார்கள். ஓய்வுபெற்றால் தோட்டத்து வீட்டையும் காலிசெய்ய வேண்டும். சொந்த வீடில்லாதவரிடம் வங்கி அடமானம் கேட்கும். அடமானமே கேட்காதவன் வாசலில் காத்திருப்பான்.

தொழிற்சங்கம், கோயில் கமிட்டி, தேர்தலுக்குத் தேர்தல் வரும் கட்சிக்காரர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்? திருவிழா மேடையில் மாலைக்கும் பொன்னாடைக்கும் நேரம் இருக்கிறது. மலாயில் வந்த நோட்டீசை ஒரு பாட்டிக்குப் படித்துச் சொல்ல நேரமில்லை. கடன் ஆலோசனைக்கென்றே பேங்க் நெகாரா 2006-இல் ஏகேபிகே அமைப்பைத் தொடங்கியது, ஆலோசனை இலவசம். அதைப் பற்றித் தோட்டத்தில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்?

75 சதவீத விதியையும், 21 நாள் நோட்டீசையும், 18 சதவீத வட்டி வரம்பையும் ஒரே தாளில் தமிழில் அச்சடித்துப் பெரட்டுக் களத்தில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். தொழிற்சங்கக் கிளைகள் இதை இந்த மாதமே செய்ய வேண்டும். மிரட்டப்பட்டவரோடு போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய்ப் புகார் எழுதிக் கொடுக்க ஒருவரையும் நியமிக்க வேண்டும்.