மரக்காணத்தின் மில்லிமீட்டர் கணக்கு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் குன்று தனித்து நிற்கிறது. மேலே பழைய சிவன் கோயில், குகையில் வரலாற்றுக்கு முந்தைய பாறைக் கீறல்கள், 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்த கோட்டையின் மிச்சம். இந்தக் குன்றைக் கடல் தொடப்போவதில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. பேச்சு அதற்குக் கிழக்கே உள்ள தரையைப் பற்றியது. மரக்காணம் நெருங்க நெருங்க நிலம் தட்டையாகி, உப்பளமும் உப்பங்கழியும் கடலும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.

'கடல்மட்டம் உயர்கிறது என்பது வெறும் பூச்சாண்டி' என்ற வாதம் கொஞ்ச காலமாக டீக்கடையிலும் கைபேசியிலும் சுற்றுகிறது. கடல் எக்காலத்திலும் ஏறி இறங்கியதுதான். சென்னையில் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. பனி உருகினால் நீர்மட்டம் கூடாது. சூரியன் ஓய்கிறது, இனி பூமி குளிரத்தான் போகிறது. இவற்றில் பலவற்றில் துளி உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் எளிதில் விலைபோகின்றன.

முதலில் பழங்கதை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குக் கால் நனையாமல் போயிருக்கலாம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் இன்றைய மட்டத்தையும் தாண்டி நின்றது. எல்லாம் சரி. ஆனால் இது யாருக்குச் சாட்சி? பூமி சூடானால் பனி உருகும், கடல் ஏறும் என்பதற்கல்லவா? அந்த ஏற்ற இறக்கம் ஓய்ந்து கடல் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் இங்கே துறைமுகமும் கோயிலும் அளமும் வந்தன. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1900க்குப் பின் கடல் ஏறிய வேகம் கடந்த 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் இருந்ததில்லை. எயிற்பட்டினத்துக் காலம் முழுவதும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது சென்னைக் கணக்கு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எண் பொய்யில்லை. 1916 முதல் 2005 வரையிலான சென்னைத் துறைமுக அலைமானிப் பதிவு ஆண்டுக்கு 0.33 மி.மீ. உயர்வைத்தான் காட்டுகிறது. அந்த எண் இடம்பெறும் அரசுப் பட்டியலிலேயே மேற்கு வங்கத்தின் டயமண்ட் ஹார்பர் ஆண்டுக்கு 5 மி.மீ.க்கு மேல் காட்டுகிறது. ஒரே வங்காள விரிகுடாவில் ஏன் இத்தனை வேறுபாடு? அலைமானி கரையில் நட்டுவைத்த கருவி. தரைக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியைத்தான் அது அளக்கும். டெல்டா மண் அமிழ்ந்தால் கடல் வேகமாக ஏறியதுபோலத் தெரியும், தரை எழும்பினால் ஏறாததுபோலத் தெரியும். ஒற்றைத் துறைமுகத்தை வைத்துப் பயமுறுத்துவதும் தவறு, ஆறுதல் சொல்வதும் தவறு. போதாக்குறைக்கு அந்தப் பதிவு 2005இலேயே நின்றுவிடுகிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடல் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மி.மீ. வரை உயர்ந்தது, 1993 முதல் 2017 வரையோ ஆண்டுக்கு 3.3 மி.மீ. வேகம் இரட்டிப்பாகிவிட்டது.

மில்லிமீட்டர் என்றதும் சிரிப்பு வருவது இயல்பு. கடற்கரைத் தரை ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடல் பத்து சென்டிமீட்டர் ஏறினால் தண்ணீர் நூறு மீட்டர் உள்ளே வர வழி கிடைக்கிறது. உப்பளத்தில் பாத்திக்கும் பாத்திக்கும் நடுவே இருப்பது தாழ்ந்த மண் வரப்புதான். காலால் மிதித்துக் கெட்டியாக்கிய தரைதான் பாத்தி. உள்நாட்டு மழைநீர் கழுவேலிச் சதுப்பில் சேர்ந்து, உப்புக்கழி வழியாக இடையன்திட்டுக் கழிமுகத்துக்குப் போய்க் கடலில் விழ வேண்டும். கடல் உயர்ந்து நிற்கும் நாளில் அந்த வடிகால் மந்தமாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மரக்காணத்து அளங்கள் ஏரியாகிக் கிடந்தன.

உடனே 'புயல் அன்றும் வந்ததே' என்பார்கள். வந்தது, 1964இல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. வட இந்தியப் பெருங்கடலில் புயல்களின் மொத்த எண்ணிக்கை 1951க்குப் பின் குறைந்திருக்கிறது என்று அதே அமைச்சக மதிப்பீடே சொல்கிறது. கூடவே, மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் மிகத் தீவிரப் புயல்கள் 2000க்குப் பின் கூடியிருப்பதையும் சொல்கிறது. முதல் வரியைப் பகிர்கிறவர்கள் இரண்டாவது வரியை வெட்டிவிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் சந்தேகக்காரர்கள் பக்கம் நியாயம் உண்டு. புதுச்சேரியை ஒட்டிய பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கரைகள் அரிக்கப்பட்டதற்குக் கடல்மட்டத்தைக் குற்றம் சொல்வது சரியல்ல. 1980களில் கட்டிய புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் வடக்கே போகும் மணலை மறித்ததுதான் முதல் காரணம். சென்னைத் துறைமுகம் வந்தபின் ராயபுரம் தேய்ந்ததும் இதே கதை. எல்லாப் பழியையும் பருவநிலைமீது போடுவது அதிகாரிகளுக்கும் வசதியான மறைப்பாகிவிடுகிறது.

டம்ளரில் மிதக்கும் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாதே என்ற கேள்வி ஒரு வரியில் முடிந்துவிடும். ஆர்க்டிக்கில் மிதக்கும் பனிக்கு அது பொருந்தும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் தரைமேல் கிடக்கும் பனிக்குப் பொருந்தாது. கிரீன்லாந்துப் பனி முழுதும் உருகினால் கடல் ஏழு மீட்டருக்கு மேல் ஏறும். தண்ணீர் சூடானாலே விரியும் என்பது தனிக் கணக்கு.

குளிரப்போகிறது என்ற ஆரூடமும் பழையது. 1975 ஏப்ரலில் நியூஸ்வீக் இதழ் பூமி குளிர்வதாக ஒரு பக்கம் எழுதியது. இன்றுவரை அதுவே மேற்கோள். 1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னால் எண்ணிப் பார்த்தார்கள்: குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44. சூரியன் ஓய்வதால் குளிரும் என்றால், 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் சூரிய ஒளி கூடாதபோது பூமி ஏன் சூடாகிக்கொண்டே வந்தது? 1967இல் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் ஒரு சோதனையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கரியமில வாயு காரணமானால் கீழ்வளிமண்டலம் சூடாகும், அதற்கு மேலுள்ள அடுக்கு குளிரும். அளவீடுகள் அப்படித்தான் காட்டுகின்றன. சூரியன் காரணமாக இருந்தால் இரண்டுமே சூடாகியிருக்க வேண்டும். 1645 முதல் 1715 வரை நீடித்ததுபோன்ற சூரிய மந்தம் மறுபடி வந்தாலும், ஆய்வுகளின்படி அது அதிகபட்சம் 0.3 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கும். 2024இன் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம். ஊட்டியில் ஒரு மார்கழி உறைபனி இந்தக் கழித்தலை மாற்றாது.

கடைசியாக உள்ளூர்ச் சரக்கு ஒன்று: வெயில் கூடினால் உப்புக்கு நல்லதுதானே? உப்பை விளைவிப்பது வெயில் மட்டுமல்ல. காய்ந்த காற்றும் மழையில்லாத நாட்களும்கூட. தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, போமே கணக்கில் 25 டிகிரி அடர்த்திக்குக் கொண்டுவர வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கனமழை விழுந்தால் அடர்த்தி இறங்கி வேலை முதலிலிருந்து தொடங்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்தால் அதற்கேற்பக் கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாக் காலம் என்று வைத்துத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. சித்திரையில் கொட்டும் மழைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.